கால் மணி நேரம்

ஏழு நாளாக ஏ.சி. கில்பர்ட் வாஷிங்டனில் ஒரு கதவுக்கு வெளியே நிற்கிறார். கூடவே சக பொம்மைத் தயாரிப்பாளர்கள். அவர்கள் கொண்டுவந்த பைகள். பைகளுக்குள் என்ன என்பதை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

வாருங்கள், கதவைத் திறப்போம்.

உள்ளே உட்கார்ந்திருப்பது தேசியப் பாதுகாப்புக் குழு. அமெரிக்க அமைச்சரவையின் செயலாளர்கள்தான் அதன் உறுப்பினர்கள். கடற்படைச் செயலாளர் ஜோசஃபஸ் டேனியல்ஸ் அவர்களில் ஒருவர். இவரைக் கொஞ்சம் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படையில் பத்திரிகை ஆசிரியர், வட கரோலினாக்காரர். போர்க்கப்பல்களில் அதிகாரிகள் ஒரு கோப்பை ஒயின்கூட அருந்தக் கூடாது என்று 1914-ல் உத்தரவு போட்டவர். கடற்படையே முணுமுணுத்தது. மனிதர் அசையவில்லை. அப்படிப்பட்ட ஆள் முன்னால் பொம்மைக்காகப் பேசப் போகிறார் கில்பர்ட்.

கொடுக்கப்பட்ட நேரம் பதினைந்து நிமிடம்.

இந்தச் செயலாளர்களை ஈரமில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1918-ல் அவர்கள் இடத்தில் இருந்து பாருங்கள். பிரான்ஸின் பதுங்கு குழிகளில் அமெரிக்கப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கப்பலும் சேனைக்கு வேண்டும். எஃகு வேண்டும், தகரம் வேண்டும், தொழிற்சாலை வேண்டும், ஆள் வேண்டும். இந்த நேரத்தில் ஒருவன் தகட்டை அடித்து, துளை போட்டு, சிறுவர்கள் பாலம் கட்டி விளையாடப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மக்கள் கையிலிருக்கும் பணமும் போர்க் கடன் பத்திரத்துக்குப் போக வேண்டும், கிறிஸ்துமஸ் பரிசுக்கு அல்ல. பொம்மைத் தயாரிப்பை நிறுத்து. முடிந்தால் பரிசு வாங்குவதையே நிறுத்து. கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயமாகத்தான் படும்.

கில்பர்ட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது.

போருக்கு முன்னால் அமெரிக்கக் கடைகளில் நல்ல பொம்மை என்றாலே பெரும்பாலும் ஜெர்மன் சரக்கு. நியூரம்பெர்க்கில் செய்து கப்பலில் வந்து இறங்கும். போர் வந்தது, கப்பல் நின்றது. அந்த இடைவெளியில்தான் உள்ளூர்த் தொழிற்சாலைகள் எழுந்து நின்றன. இந்த நேரம் பார்த்து ஒரு பருவம் கதவை அடைத்தால்? பொம்மைக்காரனுக்கு வருஷத்தில் ஒரே அறுவடைதான். கிறிஸ்துமஸ். அது போனால் தொழிலாளி வேறு வேலைக்குப் போய்விடுவான், அச்சுகளும் இயந்திரங்களும் துருப்பிடிக்கும். போர் முடிந்த மறுநாள் ஜெர்மன் பெட்டிகள் திரும்ப வந்து இறங்கும்.

அது வியாபாரக் கணக்கு. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது புரிய, ஆள் யாரென்று ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கழி ஊன்றித் தாண்டுகிற வீரர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மூங்கில் கழியோடு போய் நின்றவர். கழியை ஊன்றத் தரையில் ஒரு சின்னக் குழி வேண்டும் என்றார். விதியில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, அன்றுதான் மாரத்தான் ஓட்டமும் அந்த மைதானத்தில் வந்து முடிந்தது. கூட்டம், கூச்சல், தாமதம். அத்தனைக்கும் நடுவில் தாண்டினார். சக நாட்டவர் எட்வர்ட் குக்கோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் வாங்கினார். ஆனால் மருத்துவம் பார்க்கவில்லை. மாயவித்தைப் பெட்டிகள் செய்து விற்றார்!

வித்தைக்காரர் என்பதை மறந்துவிடாதீர்கள். இன்று அது உதவப் போகிறது.

பிறகு அந்த ரயில் பயணம். மூன்று வாரத்துக்கு முன் விரிவாகப் பார்த்தோமே. நியூ ஹேவனிலிருந்து நியூயார்க் போகிற ரயில். பாதையோரம் மின்கம்பிகளைத் தாங்க எஃகுச் சட்டங்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் கில்பர்ட். வீட்டுக்கு வந்ததும் மனைவி மேரியோடு உட்கார்ந்து அட்டையில் சட்டங்களை வெட்டிப் பார்த்தார். 1913-ல் அது 'எரெக்டர்' என்ற பெயரில் கடைக்கு வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம், லிவர்பூலில், ஃபிராங்க் ஹார்ன்பி என்ற கணக்கர் பல ஆண்டுகளுக்கு முன்பே இதே போன்ற ஒன்றைச் செய்திருந்தார். அவருக்கும் யோசனை பிறந்தது ரயிலில்தான். முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுண்டு கடன் வாங்கிக் காப்புரிமை பதிவு செய்த கதையைப் படித்துவிட்டு உங்களில் பலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். அரை அங்குல அகலத்தில் செப்புப் பட்டை. அரை அங்குலத்துக்கு ஒரு துளை. அந்தத் துளையில் போல்ட்டைப் போட்டால் அது இணைப்பு. அதே துளையில் அச்சுக்கம்பியைச் செருகினால் அது சக்கரம் சுழலும் இடம். ஒரே துளைக்கு இரண்டு வேலை! ஹார்ன்பியின் அந்த மெக்கானோவின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

எரெக்டரின் உயிர் வேறு இடத்தில்.

இதை எழுதும்போது என் மேசையில் ஒரு பழைய எரெக்டர் பட்டை கிடக்கிறது. பழம்பொருள் சேர்க்கும் நண்பர் ஒருவர் கொடுத்தது. ஒரு சாண் நீளம். கையில் எடுத்தால் சில்லென்று இருக்கிறது. பூச்சு பல இடங்களில் போய், சாம்பல் நிறத்தில் எஃகு தெரிகிறது. ஒரு துளையைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தேய்ந்து பளபளக்கிறது. யாரோ ஒரு பையன் அந்த ஒரே துளையில் நூறு முறை போல்ட்டை முடுக்கிக் கழற்றியிருக்கிறான். பட்டையின் ஓரம் மடிக்கப்பட்டிருக்கிறது. ஹார்ன்பியின் சாதாரணப் பட்டை தட்டையானது, வளைத்தால் வளையும். இது வளையாது. இதில் நான்கை எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் சேர்த்து முடுக்கினால், உள்ளே கூடாக ஒரு சதுரத் தூண் எழுந்து நிற்கும். உண்மையான பாலத்துக்கு நிற்பது போலவே நிற்கும். ரயில் ஜன்னலில் கில்பர்ட் கண்டது அதைத்தான்.

சதுர நட்டு ஒன்றை விரல்நுனியில் பிடித்து, போல்ட்டின் புரியில் வைத்துத் திருப்புங்கள். முதல் சுற்று வழுக்கும். இரண்டாவது சுற்றில் புரி பிடித்துக்கொள்ளும். திருப்புளியை வைத்துக் கடைசிச் சுற்று முடுக்கும்போது இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று இறுகுவது விரலுக்கே தெரியும். நம் வீடுகளில் 'மெக்கானிக்ஸ்' பெட்டியோடு கோடை விடுமுறையைக் கழித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன ஒரு நட்டுக்காக டார்ச் அடித்துத் தேடிய மாலைகள் அவர்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு துளை காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது. அடுத்து எதைப் பொருத்தலாம் என்று தேடும். இதைக் கில்பர்ட் அறிவார்.

சரி. கதவு திறந்துவிட்டது.

கில்பர்ட் பேசத் தொடங்குகிறார்.

சிறுவன் வாழ்க்கையில் பொம்மையைப் போல ஆழமாகப் பதிவது வேறெதுவும் இல்லை என்கிறார். பள்ளிக்கூடம் செய்கிற வேலையில் பாதியைப் பொம்மை செய்கிறது. நாளைக்கு அவன் பார்க்கப்போகிற தொழிலை இன்றைக்கே கண்முன் காட்டுகிறது. அழிக்க அல்ல, ஆக்கக் கற்றுக்கொடுக்கிறது.

அதோடு நிறுத்தவில்லை. அறையில் இருப்பவர்கள் போர் நடத்துகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே காற்றுத்துப்பாக்கிக்குப் போனார். பிரான்ஸில் நம் வீரர்கள் குறி தப்பாமல் சுடுகிறார்களே, அது சிறுவயதில் கையில் பிடித்த பொம்மைத் துப்பாக்கி கொடுத்த பயிற்சி என்றார்.

இந்த இடத்தில் எனக்குக் கில்பர்ட்டோடு உடன்பாடில்லை. ஆக்கத்தைச் சொன்ன வாயால் அடுத்த மூச்சிலேயே துப்பாக்கியைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் மனிதர் தொழிலைக் காப்பாற்ற வந்திருந்தார். கேட்பவர்கள் காதுக்கு எது ஏறுமோ அதைப் பேசினார்.

பேச்சு முடிந்தது.

செயலாளர்கள் இதைவிடப் பெரிய பேச்சுகளை நாள்தோறும் கேட்கிறவர்கள். தோல்காரர், சர்க்கரைக்காரர், கம்பளிக்காரர், எல்லோரும் தங்கள் தொழில்தான் நாட்டின் முதுகெலும்பு என்று வந்து சொல்லிவிட்டுப் போன காலம். பொம்மைக்காரரும் சொல்லிவிட்டார். இனி நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

அப்போதுதான் பைகள் திறந்தன.

உள்ளே மனுக்கள் இல்லை. புள்ளிவிவரம் இல்லை.

பொம்மைகள்!

மேசை மீது ஒன்றொன்றாக வந்தன. நீராவி எஞ்சின் வந்தது. துப்பாக்கி வந்தது. பிறகு ஒரு நீர்மூழ்கிக் கப்பல்.

டேனியல்ஸின் கை நீண்டது.

யோசித்துப் பாருங்கள். 1918-ல் அமெரிக்கக் கடற்படைச் செயலாளருக்கு நீர்மூழ்கி என்றால் என்ன? அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல் கப்பலாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தனவா என்ற தந்திக்குக் காத்திருப்பதுதான் அவருடைய அன்றாடம். பகலில் கோப்பிலும் இரவில் கனவிலும் வந்த அந்தச் சனியன், இப்போது உள்ளங்கையில் அடங்கிக் கிடக்கிறது. திருப்பிப் பார்க்கிறார். அடியில் பார்க்கிறார். கீழே வைக்க மனம் வரவில்லை.

இது எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்!

அங்கே உடைந்தது அறையின் இறுக்கம். இன்னொரு செயலாளர் நீராவி எஞ்சினிடம் போய்விட்டார். சின்ன வயதில் இது மாதிரி ஒன்றை வைத்துத்தான் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன் என்கிறார். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஒரு தேசத்தின் போர் நிர்வாகம் தரையில் உட்கார்ந்து விளையாடுகிறது.

பதினைந்து நிமிடம் எப்போதோ ஓடிவிட்டது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வித்தைக்காரர் என்றேனே, அது இதற்குத்தான். வித்தை காட்டுகிறவனுக்கு ஒரு பாடம் மனப்பாடம். பார்க்க வந்தவன் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட வேண்டும். சீட்டையோ நாணயத்தையோ அவனே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கையில் பொருள் வந்த பிறகு அவன் வேடிக்கை பார்க்கிறவன் இல்லை, ஆட்டத்தில் ஒருவன். கில்பர்ட் இளம்பிராயத்திலிருந்தே செய்துவந்தது அதைத்தான். பேச்சை அவர் தயார் செய்தது உள்ளே நுழைவதற்கு. ஜெயிப்பதற்குப் பைகளைத் தயார் செய்திருந்தார். என் கணிப்பு இது. அன்று நடந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

டேனியல்ஸ் கடைசியில் ஒத்துக்கொண்டார். எத்தனை வயதானாலும் பொம்மை நம் ஒவ்வொருவரின் மனத்தையும் தொட்டுவிடுகிறது என்ற பொருளில் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. கப்பலில் ஒயினை நிறுத்திய அதே டேனியல்ஸ்!

மூன்று மணி நேரம் கழித்துத்தான் கில்பர்ட்டும் சகாக்களும் வெளியே வந்தார்கள்.

தடை இல்லை.

அந்த ஆண்டும் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை உண்டு. பாஸ்டன் நாளிதழ் ஒன்று கில்பர்ட்டுக்கு ஒரு பட்டம் கொடுத்தது: குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸைக் காப்பாற்றியவர். வாழ்நாள் முழுக்க அது அவரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அமெரிக்காவில் அவர் பெயரைச் சொன்னால் ஒலிம்பிக் தங்கத்தை விட இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

நியூ ஹேவன் தொழிற்சாலையில் எஃகுத் தகடுகளில் துளை விழுந்துகொண்டே இருந்தது. போர் முடிந்து வந்த பத்தாண்டுகளில் எரெக்டர் பெட்டிகள் பெருத்துக்கொண்டே போயின. சுழலும் ராட்டினம், ரயில் எஞ்சின், ஆகாயக் கப்பல், எல்லாம் நட்டிலும் போல்ட்டிலும் எழுந்து நின்றன. கடைசியில் அமெரிக்காவில் மெக்கானோ வியாபாரத்தையே கில்பர்ட் வாங்கிக்கொண்டார். இரண்டு ரயில் ஜன்னல்களிலிருந்து கிளம்பிய இரண்டு கதைகளும் ஒரே கல்லாப்பெட்டியில் வந்து சேர்ந்தன. அந்தப் பேரத்தைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால் நூற்றாண்டு கூட ஆகவில்லை, இரண்டாவது உலகப்போர் வந்தது. இந்த முறை கில்பர்ட்டின் வித்தைக்கு இடமே இல்லை. அமெரிக்காவில் உலோகப் பொம்மைகள் நின்றன. லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் ஹார்ன்பி கட்டிய தொழிற்சாலையும் போர்த் தளவாடத்துக்குத் திரும்பியது. அதைப் பார்க்க ஹார்ன்பி உயிரோடு இல்லை, 1936-லேயே போய்விட்டார். கில்பர்ட் என்ன செய்தார் தெரியுமா? எரெக்டரை மரத்தில் செய்தார். எஃகுச் சட்டம் என்பதற்காகவே பிறந்த பொம்மையை மரத்தில்! பெட்டியைத் திறந்த பையன்கள் முகத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. ஆனாலும் கடையில் அந்தப் பெயர் இருந்தது. போர் முடிந்ததும் எஃகு திரும்பி வந்தது.

அப்படித் திரும்பி வந்த எஃகு எரெக்டர் பெட்டி ஒன்றைத்தான் இப்போது பின்தொடரப் போகிறோம்.

1949. அதே நியூ ஹேவன். கில்பர்ட் மருத்துவம் படித்த அதே யேல். வில்லியம் சீவெல் என்று ஒரு மருத்துவ மாணவர். அவர் மேசையில் எரெக்டர் பெட்டி திறந்து கிடக்கிறது. மின்மோட்டாரை வெளியே எடுக்கிறார். பட்டைகளை எடுக்கிறார், சக்கரங்களை எடுக்கிறார், நட்டுகளை முடுக்குகிறார்.

கட்டுவது பாலம் அல்ல. ராட்டினமும் அல்ல.

பக்கத்தில் ரப்பர் குழாய்கள் இருக்கின்றன. அந்தக் குழாய்களில் ஓடப்போவது ரத்தம். அறுவைமேசையில் மயக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது. அதன் இதயம் செய்கிற வேலையை இந்தப் பொம்மை மோட்டார் வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் அவருடைய ஆசிரியர், டாக்டர் வில்லியம் கிளென், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மோட்டார் சுழலத் தொடங்குகிறது. இதயத்துக்குப் போகும் ரத்தத்தைக் குழாயின் பக்கம் திருப்புகிறார் சீவெல்.

(அடுத்த வாரம்)